வடலூர் தருமச்சாலையில் ஒரு மதியச் சாப்பாடு

மெஸ், பிரியாணிக்கடை, டிபன் கடை என்று எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள், நானும் படித்துவிட்டுத்தான் போய்ச் சாப்பிடுகிறேன். காசே வாங்காத ஒரு இடத்தைப் பற்றி இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம், அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது சாப்பாட்டை விட அதைப் போட்ட விதம். பதினோரு வருடமாக ஒரு மருத்துவமனையின் பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வரிசையை எப்படி நடத்துகிறார்கள், ஆட்களிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதெல்லாம் எங்கே போனாலும் என் கண்ணில்தான் முதலில் படும்.

இடம் வடலூர் சத்திய தருமச்சாலை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஏறினால் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் வடலூர், அதற்கு அடுத்துதான் நெய்வேலி. வள்ளலார் என்று நாம் சொல்கிற இராமலிங்க அடிகள், பசித்தவர்களுக்குச் சோறு போட 1867 மே 23 அன்று தொடங்கிய சாலை இது. பார்வதிபுரத்து ஊர்மக்கள் கொடுத்த நிலத்தில் கட்டியது. அன்றைக்கு மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை, அணையா அடுப்பு என்றுதான் அதற்குப் பெயர். ஒன்பது வருடம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது, அப்புறம் இரண்டு உலகப் போர், ஊரெல்லாம் ரேஷன் என்று நின்ற காலம், கொரோனா, எல்லாவற்றையும் பார்த்துவிட்ட அடுப்பு. விறகடுப்புதான். பக்கத்தில் போய் நின்றால் முகத்தில் அனல் அடிக்கிறது. என் அத்தை (கணவரின் அம்மா) அதன் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றார், கோயில் கருவறை முன்னால் கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அத்தை மாதப் பூசத்துக்குத் தவறாமல் வருகிறவர். நான் கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இரண்டு தடவை ஜோதி தரிசனத்துக்கு வந்திருக்கிறேன், இரண்டு தடவையும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியில் ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த முறை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, எனக்கு லீவு. காலையிலேயே அத்தை சொல்லிவிட்டார், "இன்னைக்கு வெளியில சாப்பிடக் கூடாதும்மா, சாலையிலதான்." எனக்குத் தயக்கம். கையில் காசு இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, இல்லாதவர்களுக்கு என்று வைத்த சாப்பாட்டில் நான் போய் உட்காரலாமா? உண்மையைச் சொன்னால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் அது. இந்தக் கூச்சம் உங்களுக்கும் இருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டோக்கன் எங்கே, எந்த ஊர், எத்தனை பேர் என்று ஒரு கேள்வியும் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்ததும், "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். எனக்கு முன்னால் போன அழுக்குச் சட்டைக்காரரிடமும் அதையேதான் சொன்னார், "வாங்கய்யா" என்று. அவர் காலையிலிருந்து எத்தனை நூறு பேருக்கு அதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வேலையும் அதுதான். நூறாவது ஆளுக்கு நம் குரல் எப்படி மாறிப்போகும் என்றும் எனக்குத் தெரியும். அவருக்கு மாறவில்லை.

வள்ளலார் வழியில் நடக்கிற சன்மார்க்கத்துக்காரர்கள் பழக்கம் அது. சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் ஐயா, அம்மா என்பார்கள். பேருக்கு முன்னால் தயவுத்திரு என்று போட்டு எழுதுவார்கள். அத்தைக்கு வருகிற அழைப்பிதழ்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன், ஏதோ பட்டம் போல இருக்கிறதே என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் மூட்டையும் முடிச்சுமாக ஒரு அம்மா, எதிரே காலேஜ் பையன்கள் நான்கு பேர், அவர்களுக்கு அடுத்து இரண்டு காவி கட்டிய சாமியார்கள். சாப்பிடத் தொடங்கும் முன் அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொன்னார்கள். தனிப்பெருங்கருணை என்று அதில் வருகிறதே, சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான், ஆனால் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னபோது வேறு மாதிரி இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், ரசம், மோர். சோறு கொஞ்சம் குழைவு, பல் இல்லாதவர்கள் நிறையப் பேர் சாப்பிடுகிற இடத்தில் அதுதான் சரி. சாம்பாரில் காரம் குறைவு. ரசம் எனக்குப் பிடித்தது, மிளகு தூக்கலாக இருந்தது. கல்யாணச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வயிற்றை எதுவும் செய்யாத சாப்பாடு, சூடான சாப்பாடு, வேண்டும் என்கிற அளவுக்குப் போடுகிறார்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பரிமாறியவர்களில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார், சாம்பார் வாளி அவர் கையில். பந்தி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. தூண் ஓரமாக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை, காதில் போன். யாருக்காகவோ காத்திருக்கிறவன் போல வெளியே பார்ப்பதும் உள்ளே பார்ப்பதுமாக இருந்தான். போனில் அவன் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன். மருத்துவமனையில் இப்படி நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பணம் பத்தாமல் பில் கவுன்ட்டருக்கு வராமல் தள்ளி நிற்பார்கள். வாளிக்காரரும் அவனைப் பார்த்துவிட்டார். "சாப்பிடுறியாப்பா?" என்று அவர் கேட்டிருந்தால் அவன் கட்டாயம் "இல்லைங்க, ஆளுக்காக நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருப்பான். அவர் அப்படிக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, "ஐயா, இந்த வரிசையில ஒரு இடம் காலியா நிக்குது. நீங்க கொஞ்சம் உட்கார்ந்தீங்கன்னா நாங்க பரிமாற ஆரம்பிச்சிடுவோம்" என்றார்.

அவன் உட்கார்ந்துவிட்டான். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாவது முறை அவன் கேட்கவே இல்லை, வாளிக்காரரே, "ரசத்துக்குக் கொஞ்சம் போடட்டுமாங்கய்யா" என்று போட்டுவிட்டுப் போனார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தவனுக்குச் சோறு போடுவதை எல்லாரும் செய்யலாம், பணம் இருந்தால் போதும். கேட்க முடியாமல் நிற்கிறவனைக் கேட்க வைக்காமல் உட்கார வைப்பது இருக்கிறதே, உதவி வாங்குகிறவன் தான் ஏதோ உதவி செய்தது போல எழுந்து போகும்படி ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடிப்பது, அதற்கு மனசு அந்த ஆள் பக்கம் முழுசாகத் திரும்பியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. வாடிய பயிரைக் கண்டு வாடியதாக வள்ளலார் பாடியது எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள், ஆனால் அந்தப் பாட்டின் கடைசி வரி யாரைப் பற்றியது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மானமுள்ளவர்களாகவும் ஏழைகளாகவும் இருந்து உள்ளுக்குள்ளேயே இளைத்துப் போகிறவர்களைக் கண்டு தானும் இளைத்ததாக அதில் சொல்கிறார். வீடு வீடாகப் போய்க் கேட்கிறவர்களைப் பற்றி ஒரு வரி தனியாக இருக்கிறது, கேட்க முடியாதவர்களுக்கு இந்த வரி. தூணோரம் நின்ற பையனுக்கு அந்தப் பாட்டிலேயே இடம் இருந்திருக்கிறது.

அத்தை அதோடு விடவில்லை. வேறு ஒரு பாட்டில், ஒருவரோடு ஒருவர் உரத்துப் பேசுவதைக் கேட்டால் தன் உள்ளம் நடுங்கியது என்றும், யாராவது கதவை ஓங்கித் தட்டினால் கலங்கிப்போனேன் என்றும் வள்ளலார் சொல்லியிருக்கிறாராம். கையை வீசி நடக்க வெட்கப்பட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாராம். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை எடுத்துப் படித்தேன், அத்தை சொன்னது அப்படியே இருந்தது. ஒரு பெரிய ஞானி கடவுளிடம் முறையிடும்போது, மற்றவர்கள் குரலை உயர்த்தியதைப் பற்றியும் முறையிடுகிறார் என்பது எனக்குப் புதிது. பணிவாகப் பேசுவது, சத்தம் போடாமல் இருப்பது எல்லாம் வீட்டில் சொல்லித் தருகிற பழக்க வழக்கம், பக்தி என்பது வேறு ஏதோ என்றுதான் நான் வைத்திருந்தேன். அவரிடம் அந்த இரண்டும் தனித்தனியாக இல்லை.

என் கவுன்ட்டரில் நான் உரத்துத்தான் பேசுவேன். கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, அந்தப் பக்கம் இரைச்சல், அதனால் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன மாதம் மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். படிவத்தில் எங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, "எத்தனை தடவை சொல்றது, அங்க எழுதியிருக்குல்ல" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெண்தான் அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள், அவளுக்கு நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவர்கள் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வடலூரில் அந்த வாளிக்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அப்பாவின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ஒப்பிட்டுச் சொன்னால்தான் புரியும் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கோயில் ஊரில் அன்னதானக் கூடம், கட்டடம் புதுசு, மேஜை நாற்காலி, மின்விசிறி, சாப்பாட்டில் பாயசம் வரை உண்டு. சமையல் வடலூரை விட ஒரு படி மேல் என்றே சொல்வேன். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பாட்டியைப் பார்த்து உள்ளே விடுகிறவர், "நேத்தும் வந்தியே, தினமும் இதே வேலையா?" என்றார். பாட்டியை உள்ளே விட்டுவிட்டார், சோறும் போட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டி தலை நிமிரவே இல்லை, வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தைக்கு அதற்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. சோறும் ஒன்றுதான், கொடுத்த புண்ணியவான்களின் பணமும் நல்ல பணம்தான், வாசலில் நின்ற ஒருவரின் வாய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

பசித்தவருக்குக் கொடுக்கும்போது அவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, நடத்தை எப்படி என்று விசாரிக்கவே கூடாது என்று வள்ளலார் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வீட்டுச் சகோதரர்களில் ஒருவர் துன்பப்பட்டால் இன்னொருவருக்கு மனசு உருகுகிறதே, அந்த உரிமை எல்லா உயிர்களோடும் நமக்கு உண்டு என்பது அவர் சொன்ன காரணம். தம்பி இரண்டாவது நாளும் சாப்பிட வந்தால் நேற்றும் வந்தாயே என்று யார் கேட்பார்கள்?

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தருமச்சாலை வேறு, பக்கத்தில் பெருவெளியில் இருக்கிற சத்திய ஞான சபை வேறு. சபையின் முதல் வழிபாடு 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று நடந்தது. ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவது அங்கேதான். புலை கொலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும், அசைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே நின்று வணங்கலாம். சாலைக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. வழிபடும் இடத்துக்குத் தகுதி சொன்ன அதே மனிதர், சாப்பிடும் இடத்துக்குப் பசியைத் தவிர எந்தத் தகுதியும் சொல்லவில்லை. இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

நேரம் இருந்தால் மேட்டுக்குப்பமும் போங்கள், சில கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும். சித்தி வளாகம் அங்கே இருக்கிறது, 1874 ஜனவரி 30 அன்று அவர் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்ட அறை. அதற்கு மூன்று மாதம் முன்னால், 1873 அக்டோபரில் அங்கே கொடியேற்றி அவர் பேசிய பேச்சைப் பேருபதேசம் என்கிறார்கள். தன்னை இந்த நிலைக்குத் தூக்கிவிட்டது தயவுதான் என்று அதில் சொல்கிறார். அந்தத் தயவு வர வேண்டுமென்றால் ஒருமை இருக்க வேண்டும் என்கிறார்.

இதைப் படித்தபோதுதான் அழைப்பிதழ்களில் பார்த்த தயவுத்திரு ஞாபகம் வந்தது. இன்னொன்றும் வந்தது. எங்கள் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம், "தயவு செய்து வரிசையில் வரவும்", "தயவு செய்து சில்லறையாகக் கொடுக்கவும்" என்று. நாம் எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல், பஸ்ஸில், பேங்கில், ரேஷன் கடையில். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். தயவு செய் என்றால் இரக்கம் காட்டு என்று எதிரில் இருப்பவரிடம் கேட்கிறோம் என்பது சொல்லும்போது நம் காதில் விழுவதே இல்லை. வள்ளலாருக்கு அந்தச் சொல்தான் வழிபாடு முழுவதும். அவர் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழ்நாடு அரசே அறிவித்திருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் கொண்டாடட்டும், நல்லதுதான். எனக்கு அந்த வாளிக்காரர் செவ்வாய்க்கிழமை மதியம் கொண்டாடியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தைப்பூசத்துக்குப் போனால் லட்சக்கணக்கில் கூட்டம், ஊர் முழுக்கப் பந்தல் போட்டு அன்னதானம் நடக்கும், அது வேறு ஒரு அழகு, ஆனால் நான் சொன்னதையெல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், முக்கியமாக, யாரோடும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகாத குழந்தைகளை. பரிமாறுகிறவர்கள் குனிந்து குனிந்து போடுகிறார்கள், போதும் என்றால் வாயால் சொல்லுங்கள், கையை மட்டும் ஆட்டாதீர்கள். சோற்றை வீணாக்க வேண்டாம். காசு இருக்கிறவர்கள் சாப்பிடலாமா என்ற என் கேள்விக்கு என் அனுபவத்தில் பதில், சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா, நான் ரசத்துக்குத் தயங்கியபோது, "போட்டுக்க தாயி, நல்லா இருக்கு" என்று எனக்காக வாளிக்காரரைக் கூப்பிட்டார். ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

அரிசி, பருப்பு, காய்கறி கொடுக்க விரும்புகிறவர்கள் நேரில் கொண்டு போய்க் கொடுக்கலாம், விவசாயிகள் மூட்டையாகவே கொண்டு வருகிறார்கள். மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து, சாம்பார் காரத்தையும் சேர்த்துத்தான்.

நாங்களும் பத்துக் கிலோ பொன்னி அரிசி கொண்டு போயிருந்தோம். அத்தை அதை முதலிலேயே கொடுத்துவிடலாம் என்றார், நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம் என்றேன், சும்மா சாப்பிட்ட மாதிரி இருக்கக் கூடாது என்று. பையைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தேன். அங்கே இருந்தவர் பையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.